சென்னியப்பன் எழுதின சீட்டு

கவரை இப்பப் பிரிக்காதீங்க அம்மிணி. அப்பிடியே மடியில வெச்சுக்குங்க. மொதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாமுங்க, ஒரு கால் ஆடும். இந்த முக்காலியில உக்காருங்க. பெங்களூருல இருந்து இதுக்குன்னே பஸ் ஏறி வந்தேன்னு சொல்றீங்க, வாசல்லயே திருப்பி அனுப்புனா நல்லாருக்காது. ஆனா ஒண்ணு சொல்லீர்றேன். எட்டு மாசமா நான் எந்தப் படத்தையும் கையில வாங்கறதில்லீங்க. பழைய மோட்டார் சைக்கிள் படத்தைப் பாத்து இன்ன வண்டி, இன்ன வருசம்னு சொல்ற சென்னியப்பன் செத்துப் போயிட்டான்னு வெச்சுக்குங்க.

ஏன்னு கேக்கறீங்களா? கேக்கோணுமல்ல. ஊரு என்னமோ பேசுது, நான் என்ன சொல்றேன்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களா? கேக்கலீங்க. நீங்க கேளுங்க. முழுசாக் கேட்டுட்டு, அப்பறமும் என்கிட்டப் படத்தைக் காட்டலாம்னு தோணுச்சுன்னா காட்டுங்க, பாக்கறேன்.

சித்த இருங்க, உள்ள தட்டறாரு.

அது எங்கண்ணனுங்க. மாரப்பன்னு பேரு. ரெண்டு வருசம் முன்னாடி வாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோச்சு. பேச்சும் போச்சு. இடது கை மட்டும் கொஞ்சம் வேலை செய்யும். அந்தக் கையில ஒரு எவர்சில்வர் டம்ளரைக் குடுத்து வெச்சிருக்கறேன், கட்டில் கம்பியில தட்டுவாரு. ஒரு தட்டுன்னா தண்ணி வேணும். ரெண்டு தட்டுன்னா பொரட்டிப் படுக்க வெக்கோணும். அவ்வளவுதானுங்க எங்களுக்குள்ள பேச்சு. அவரு கண்ணாலமே பண்ணிக்கல. எனக்குப் பண்ணி வெச்சாரு, எம்பட சம்சாரமும் போய்ச் சேந்துட்டா. இப்ப நாங்க ரெண்டு கெழவனுங்க. ஒரு வாய் தண்ணி குடுத்துட்டு வந்தர்றேன்.

ம். என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆமா, படம்.

நான் படம் பாக்கறதுக்குன்னு ஒரு மொறை இருக்குதுங்க. படம் கொண்டுவர்றவங்க எல்லாருமே ஆளைத்தான் காட்டுவாங்க. இது எங்க தாத்தா, இது எங்க பெரிய மாமா, இப்பிடி நிப்பாரு, அப்பிடிச் சிரிப்பாருன்னு. எனக்கு ஆள் எதுக்குங்க? நான் ஆளைப் பாக்கறதே இல்ல. வண்டியைப் பாப்பேன். மனுசன் படத்துக்குன்னு கோட்டு போடுவான், மீசையை முறுக்குவான், இல்லாத சிரிப்பைச் சிரிப்பான். இரும்பு அப்பிடியெல்லாம் பண்ணாதுங்க. இருக்கறபடி நிக்கும்.

ஒருக்கா ஈரோட்டுல இருந்து ஒரு குடும்பமே கெளம்பி வந்துச்சு. தாத்தா டிரையம்ப் வண்டியில உக்காந்துட்டிருக்கற படம். ஒரு வெள்ளைக்காரத் தொரை அவருக்குப் பரிசாக் குடுத்த வண்டின்னு மூணு தலைமொறையாச் சொல்லிட்டிருக்காங்க. நான் பாத்தேன். அந்த வண்டிக்கு உள்ள இஞ்சினே இல்லீங்க! படம் புடிக்கற ஸ்டுடியோவுல, உக்காந்து போட்டோ எடுத்துக்கறதுக்குன்னு நிறுத்தி வெச்ச கூடு அது. சொன்னேன். அந்தப் பெரியவர் மூஞ்சி சுருங்கிப் போச்சு. ஒரு காப்பிகூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாங்க. நான் என்ன பண்றதுங்க? பாத்ததைத்தானே சொல்ல முடியும்.

பெரிய வித்தையெல்லாம் இல்லீங்க, கண்ணு இருந்தாப் போதும். இடது பக்கம் கீழ, செயினை மூடி ஒரு பெரிய மூடி இருக்கும், பாத்திருப்பீங்க. அது அலுமினியத்தை உருக்கி வாத்து பளபளன்னு இருந்தா பி.எஸ்.ஏ கம்பெனி வண்டி. தகரத்துல அடிச்சு, ஓரத்தைச் சுத்தி ஒரு பட்டை போட்டு இறுக்கியிருந்தா மேட்ச்லெஸ். இருட்டுல கையை வெச்சுத் தடவிக்கூடச் சொல்லீருவேன். பதிமூணு வயசுல திருச்சி ரோட்டுல பட்டறையில ஒக்காந்தவன் நான். உலகச் சண்டைக்கு ஓட்டிப் பட்டாளத்துக்காரன் ஏலம் விட்ட வண்டிங்க நூத்துக்கணக்குல எங்க கைக்கு வந்துச்சு. ஒண்ணோட காலை எடுத்து இன்னொண்ணுக்கு வெச்சு, அதோட கையை எடுத்து இதுக்கு வெச்சு, அப்பிடித்தான் ஓட்டுனோம். முழு வண்டின்னு கோயமுத்தூருல பத்துப் பேருகிட்ட இருந்திருந்தா அதிகம்.

படம் பாத்து முடிச்சதும் ஒரு சீட்டு எழுதித் தருவேன். வண்டி, மாடல், வருசம். தெரிஞ்சா உடையவர் பேரு. கடைசியில கையெழுத்து. பழைய வண்டி வெச்சிருக்கறவங்க சங்கத்துல வருசா வருசம் ஊர்வலம் நடத்துவாங்க, அதுல நடுவர் நாற்காலியில பதினோரு வருசம் ஒக்காந்தவன் நான். இந்த வருசம் கூப்பிடல. வேற எவனையோ ஒக்கார வெச்சுட்டாங்க. அவனுக்கு ஏரியலுக்கும் நார்ட்டனுக்கும் வித்தியாசம் தெரியாதுங்க! சரி போகட்டும்.

போன சித்திரையில ஒரு அம்மா வந்தாங்க. விசாலாட்சின்னு பேரு. பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க, அறுவது தாண்டியிருக்கும். இதா, நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்தாங்க. கைக்குட்டையைப் பிரிச்சு ஒரு படத்தை எடுத்தாங்க. உள்ளங்கை அகலம். நடுவுல மடிச்ச தடம். ஒரு பொண்ணு ஒரு வண்டிக்குப் பக்கத்துல நிக்குது. அவ்வளவுதான்.

"இது எங்கக்கா சுலோச்சனாங்க. பத்தொம்போது வயசு. எழுவத்தொண்ணு ஆனி மாசம் கெணத்துல கெடந்தா. வயித்துல மூணு மாசம். எங்கய்யன் வயித்துவலின்னு ஊருக்குச் சொல்லி, அன்னைக்கே எரிச்சுட்டாரு. யாரு அந்த ஆளுன்னு கடைசி வரைக்கும் எங்களுக்குத் தெரியல. அக்காவோட பொட்டியைப் பூட்டி, சாவியை அரைஞாண்ல கட்டிக்கிட்டாரு. போன தை மாசம் அவரு செத்த பொறகுதான் தொறந்தோம். அடியில விரிச்சிருந்த காயிதத்துக்குக் கீழ இது இருந்துச்சுங்க."

அந்தம்மா அழுகலீங்க. அழுதிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. பாடம் நடத்தற மாதிரியே சொன்னாங்க.

"படம் புடிச்சவன் படத்துல இல்லீங்க. அவன் வண்டி மட்டுந்தான் இருக்குது. அம்பது வருசமா எங்கம்மா, அப்பறம் நான், தெருவுல போற ஒவ்வொரு ஆம்பளையையும் இவனா இருக்குமோ, இவனா இருக்குமோன்னு பாத்துட்டு இருந்தோம். எங்கம்மா பாத்துட்டே செத்துப்போயிட்டா. கடைசிப் பதினஞ்சு நாளும் எங்கக்கா மத்தியானம் மத்தியானம் வேலிப்படல்கிட்டப் போய் நிப்பா. நான் பத்து வயசுப் புள்ளை. யாரைக்கா பாக்கறேன்னு கேட்டேன். வருவாங்கன்னா. யாரும் வரல. எனக்குப் பேரு வேணும். அவன் செத்திருந்தாலும் பரவால்ல, பேரு வேணும்."

சரின்னு படத்தை வாங்குனேன். வாங்குனதும் எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. அந்தப் பொண்ணு வண்டியோட இடது பக்கம் நின்னு புடவையை விசிறி விட்டிருக்குது. இஞ்சின், கியர் பொட்டி, செயின் மூடி எல்லாத்தையும் மறைச்சாச்சு. முன் சக்கரம் பாதி. கையை டேங்குமேல வெச்சிருக்குது. டேங்கு மட்டும் நல்லாத் தெரிஞ்சுது. லென்ஸை வெச்சுப் பாத்தேன். முழங்கால் படற ரப்பருக்கு மேல, புளியங்கொட்டை மாதிரி ஒரு குழி.

எனக்கு ஒடம்பே சிலுத்துப் போச்சுங்க! அந்தக் குழி விழுந்தப்ப நான் அங்க இருந்தவன். மில்லு வாசல்ல சங்கிலி கட்டற கல்லுல சாஞ்சு விழுந்த குழி. வண்டி பி.எஸ்.ஏ, பி முப்பத்தொண்ணு மாடல். மில்லுல ஸ்பின்னிங் மாஸ்டரா இருந்த வேணுகோபாலோட வண்டி. டவுன்ல அந்தப் பச்சை டேங்கு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. படத்தைக் கையில வாங்கி ரெண்டு நிமிசம் ஆகலீங்க, சொல்லீட்டேன்.

அந்தம்மா கேட்டாங்க, "நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இந்தப் புடவை அந்த வருசம் பங்குனியில எங்க சித்தி கண்ணாலத்துக்கு எடுத்தது. அதுக்கு முன்னாடி அவகிட்ட இந்தப் புடவை இல்ல. அப்பறம் எடுத்த படமாத்தான் இருக்கோணும். பங்குனிக்கு மேல அந்த வண்டி அவருகிட்டத்தான் இருந்துச்சுங்களா?"

நான் சிரிச்சேன். "அம்மா, புடவைக் கணக்கு எனக்குத் தெரியாதுங்க. வண்டிக் கணக்குத் தெரியும்"னு சொல்லிட்டுச் சீட்டை எழுதுனேன். பி.எஸ்.ஏ. பி முப்பத்தொண்ணு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தி நாலு. உடையவர், வேணுகோபால். கையெழுத்து.

அன்னைக்கு இன்னொரு கூத்து. அந்தம்மா வாத்தியாரம்மா பாருங்க, குரல் கணீர்னு இருக்கும். இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கந்தான் அண்ணன் படுத்திருக்காரு. அவங்க பேச ஆரம்பிச்சதுல இருந்து தட்டறாரு, தட்டறாரு, நிறுத்தவே இல்ல. தண்ணி கொண்டுபோய்க் குடுத்தா மூஞ்சியிலயே துப்பறாரு. பொரட்டிப் படுக்க வெச்சா மறுபடியும் தட்டறாரு. டம்ளர் நெளிஞ்சு போச்சுங்க. நான் புது டம்ளர் வாங்கிக் குடுத்தேன். வயசானாலே குழந்தை மாதிரித்தான், வீட்டுக்கு ஆள் வந்தாப் பிடிக்காது. அன்னையில இருந்து என் கையால சோறு ஊட்டுனா வாயைத் தொறக்கறதில்ல. பக்கத்து வீட்டு அம்மா வந்து ஊட்டுனாத்தான் நாலு வாய் எறங்குது. டாக்டர் அதெல்லாம் வாதத்துக்கு இருக்கறதுதான்னாரு.

அப்பறம் நடந்ததுக்கும் எனக்கும் சம்பந்தமில்லீங்க. நான் வண்டி பேரைச் சொன்னேன், சீட்டு குடுத்தேன். அவங்க அந்தச் சீட்டை எங்க கொண்டுபோவாங்கன்னு நான் கண்டனா?

மாஸ்டர் வீட்டுல காதுகுத்து. கொள்ளுப்பேரனுக்கு. மண்டபம் நெறைய ஒறம்பரை, சொந்தக்காரங்க கூட்டம். மாஸ்டருக்கு எம்பத்தி நாலு வயசு, வேட்டி சட்டையோட முன்வரிசையில உக்காந்திருக்காரு. இந்தம்மா மகனைக் கூட்டிட்டு நேரா உள்ள போயி, படத்தையும் எம்பட சீட்டையும் அவரு மடியில வெச்சு, "எங்கக்காளை என்ன பண்ணுனீங்க?"ன்னு கேட்டுட்டாங்க. மேளக்காரனே நிறுத்திட்டானாம்.

எழுவத்தொண்ணுல மாஸ்டருக்குக் கண்ணாலமாகிக் குழந்தையும் இருந்துச்சுங்க. அதையும் கூட்டிப் பாத்துக்குங்க.

அவரு கண்ணாடியைப் போட்டுப் படத்தைப் பாத்தாரு. பாத்துட்டு, "டேங்கு என்னுதுதான்"னாரு. பொய் சொல்லத் தெரியாத மனுசன். குழியைத் தடவிப் பாத்துச் சொன்னாராம், "டேங்கு என்னுதுதான். இந்தப் புள்ளையை எனக்குத் தெரியாது. நான் இந்த டேங்கை மாத்திட்டேன். சென்னியப்பனைக் கேளுங்க, அவன்தான் கழட்டுனான்." ஆனா மொத வார்த்தையிலயே எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. டேங்கு அவருதுன்னு அவரே சொல்லிட்டாரே, அப்பறம் என்ன?

மறுநாள் அந்தம்மாவோட மகன் எனக்குப் போன் பண்ணுனான். "ஐயா, மாஸ்டர் டேங்கை மாத்துனேன்னு சொல்றாரு. நீங்கதான் கழட்டுனீங்களாமா. உண்மையா?"

எனக்கு ஞாபகமில்லீங்கன்னு சொன்னேன்.

ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? அம்பத்திச் சொச்சம் வருசம் அம்மிணி! எத்தனை டேங்கு கழட்டியிருப்பேன், எத்தனை மாட்டியிருப்பேன். போன்ல திடுக்குனு கேட்டா எவனுக்கு ஞாபகம் வரும்?

மாஸ்டரோட மகனே அவரை நம்பல. வீட்டுல மருமக முன்னாடி வர்றதில்ல. காதுகுத்து நின்ன பாவத்துக்கு ஒறம்பரையெல்லாம் வரத்துப் போக்கை நிறுத்திட்டாங்க. ஒரு மாசத்துல அவரைக் கொண்டுபோய் ஒரு முதியோர் இல்லத்துல விட்டுட்டாங்க. அங்க அவரு யாரு வந்தாலும் அதையே சொல்லிட்டு இருந்தாராம், சென்னியப்பனைக் கேளுங்க, சென்னியப்பனைக் கேளுங்கன்னு. ஆடி மாசம் செத்துப் போயிட்டாரு. கொள்ளி வெக்க மட்டும் மகன் வந்தானாம். பேத்தி ஒண்ணு மட்டும் வெளியூருல இருந்து வாரா வாரம் வந்து பாத்துட்டு இருந்துச்சாம். மத்த யாரும் எட்டிப் பாக்கல.

அதுக்கு ஊரு என்னைச் சொல்லுது. சங்கத்துக்காரன் என்னைச் சொல்றான். கெழவன் ஒரு சீட்டை எழுதி ஒரு மனுசனைக் கொன்னுட்டான்னு. நீங்க சொல்லுங்க அம்மிணி, நான் பொய்யா எழுதுனேன்? டேங்கு அவரோடதுதானே? அவரே ஒத்துக்கிட்டாரல்ல?

என்ன கேட்டீங்க?

டேங்கை நெசமா மாத்துனாரான்னு கேக்கறீங்களா.

மாத்துனாருங்க. சும்மா மாத்தல. மில்லு வாசல் கூட்டத்துல ஒருத்தன் கல்லெறிஞ்சு டேங்குல ஓட்டை விழுந்துச்சுன்னு அவரு அடிக்கடி சொல்லுவாரு. அதெல்லாம் கெடையாது, அடியில துரு புடிச்சு ஒழுகுச்சு. எழுவத்தொண்ணு தை மாசம். பொங்கலுக்கு மறுநாள் பட்டறைக்குக் கொண்டுவந்தாரு. மெட்ராஸ்ல இருந்து வேற டேங்கு தருவிச்சு, நாந்தான் மாட்டிக் குடுத்தேன். பதினேழு வயசு எனக்கு. பழைய டேங்கைப் பட்டறையிலயே விட்டுட்டுப் போயிட்டாரு.

அப்பவே நல்ல வேலைக்காரனுங்க நான். அந்தத் துருவைச் சுரண்டி, அடியில தகடு வெச்சு ஈயம் பத்த வெச்சு, சொட்டு ஒழுகாம பண்ணுனேன். எங்கண்ணன்கிட்ட ஒரு மேட்ச்லெஸ் இருந்துச்சு, பட்டாளத்து வண்டி. டேங்கு இல்லாமக் கெடந்துச்சு. ரெண்டும் வேற வேற கம்பெனி, ஒக்காரவே ஒக்காராது. நான் ரெண்டு பட்டையை வளைச்சு வெல்டு வெச்சு, அளவெடுத்த மாதிரி ஒக்கார வெச்சேன் பாருங்க! பட்டறை மொதலாளியே வாயைப் பொளந்துட்டாரு. அண்ணன் மாசி மாசத்துல இருந்து அதை ஓட்டிட்டு திரிஞ்சாரு. பச்சை டேங்கு வெயில்ல மினுங்கும். இருவத்தி நாலு வயசு அவருக்கு. பெரிய மைனர்னு நெனப்பு.

ஆமா, மாசியில இருந்து.

பங்குனியிலயும் அவருகிட்டத்தான் இருந்துச்சு. எதுக்குங்க திரும்பத் திரும்பக் கேக்கறீங்க? புடவையா? புடவை பங்குனியில எடுத்ததுன்னு அந்தம்மா சொன்னாங்க, நான் இல்லைன்னு சொல்லல. அதுக்கென்ன இப்ப?

அந்த வண்டி இப்ப இல்லீங்க. அதைக் கேட்டா வயிறு எரியும். அந்த வருசம் ஆனி மாசம் அண்ணன் திடுதிப்புனு கெளம்பிக் கோலார் பக்கம் போறேன், பழைய வண்டி ஏலம் வருதுன்னு போனாரு. பதினஞ்சு நாள் ஆளைக் காணோம். வண்டியும் வாங்காம வெறுங்கையோட வந்தாரு. வந்த மறுநாள் கேஸ் கட்டரைப் பத்த வெச்சு, நல்லா ஓடிட்டிருந்த மேட்ச்லெஸ்ஸை நாலு துண்டா அறுத்துப் போட்டாரு. நான் பண்ணுன டேங்கையும் சேத்து! கையைப் புடிச்சுக் கெஞ்சுனேன். உதறிட்டு அறுத்தாரு. நான் ரெண்டு நாளு சோறு திங்கல, அந்த டேங்குக்காக. அப்பறம் அவரு வண்டியே ஏறல. வேலைக்கும் நடந்துதான் போவாரு. கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு எங்கம்மா மந்திரிச்சுக் கயிறு கட்டுனா.

பதினஞ்சு நாள்னு சொன்னனா? ஆமா, பதினஞ்சு நாள்தான்.

அம்மிணி, நீங்க யாருங்க?

வேணுகோபால் மாஸ்டரோட பேத்தியா.

அப்ப அந்தக் கவருல இருக்கறது அந்தப் படந்தானா. விசாலாட்சியம்மாகிட்ட வாங்கிப் பெருசு பண்ணிக் கொண்டுவந்திருக்கீங்களா. வேண்டாமுங்க. நான் ஏற்கெனவே பாத்த படம் அது. லைட்டைப் போடாதீங்க, எனக்குக் கண்ணு கூசும். சரி. சரிங்க. மடியில வெக்கறேன். பாக்கறேன். முழுசாக் கேட்டா பாக்கறேன்னு சொன்னவன் நாந்தான்.

கீழ, புடவை ஓரம்.

அன்னைக்கு இந்தப் பக்கம் மடிப்பு விழுந்து தெரியல. இல்ல, தெரிஞ்சுது. ஒரு நூல் அளவு தெரிஞ்சுது. நான் லென்ஸைக் கீழ கொண்டுபோகல. டேங்கோட நிறுத்திக்கிட்டேன்.

தகர மூடிங்க. ஓரத்துல பட்டை. பட்டையில திருகு இருக்கற எடத்துல கம்பி வெச்சு முறுக்கியிருக்குது. அந்தத் திருகு மரை தேஞ்சு போச்சு, நாந்தான் கம்பி வெச்சு முறுக்குனேன். இது மேட்ச்லெஸ். எங்கண்ணன் வண்டி.

தெரிஞ்சேதான் எழுதுனியான்னு கேக்கறீங்க. தெரிஞ்சு எழுதலீங்க. சாமி சத்தியமா அப்ப எனக்கு டேங்குதான் தெரிஞ்சுது. ஆனா போன் வந்தப்பத் தெரியும். அவன் கேட்டதும் அந்தப் பட்டறை, அந்த வெல்டு, அண்ணன், எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. ஞாபகமில்லைன்னு வாயில வந்துருச்சு. உள்ள படுத்துக் கெடக்கறவரை நான் எப்பிடிங்க காட்டிக் குடுப்பேன்? என்னை வளத்துனவரு. மாஸ்டர் பெரிய மனுசன், அவருக்குக் குடும்பம் இருக்குது, ஒறம்பரை இருக்குது, சமாளிச்சுக்குவாருன்னு நெனச்சேன். இப்பிடி நாதியில்லாமப் போவாருன்னு நெனக்கலீங்க.

சீட்டா? புதுச் சீட்டு எழுதித் தரோணுமா.

அம்மிணி, கோவிச்சுக்காம ஒண்ணு கேக்கறேன். உங்க தாத்தா போயிட்டாரு. அவருக்கு இனி ஒண்ணும் வலிக்காது. இவரும் அதிக நாள் இல்லீங்க. டாக்டர் மூணு மாசம்னாரு, அதுலயும் ஒண்ணு ஓடிப்போச்சு. இவரு கண்ணை மூடுன மறுநாள் நானே விசாலாட்சியம்மா வீட்டுக்குப் போயி, உங்கப்பா வீட்டுக்கும் வந்து, நாலு பேர் முன்னாடி கால்ல விழுந்து சொல்றேன். ரெண்டு மாசம். ரெண்டே ரெண்டு மாசம் பொறுத்துக்குங்க. இவரைக் கட்டில்ல வெச்சுக்கிட்டு அந்தம்மா வந்து நின்னு கேட்டா நான் என்ன பண்ணுவேன்?

எங்க போறீங்க? அம்மிணி, உள்ள போகாதீங்க! அவருக்கு ஆளு வந்தாப் பிடிக்காதுங்க! அந்தப் படத்தை அவருகிட்டக் காட்டாதீங்க, நெஞ்சு தாங்காது...

அண்ணா. ஒண்ணுமில்லண்ணா. பெங்களூருல இருந்து வந்திருக்காங்க. வண்டிப் படம், அவ்வளவுதான். நம்ம மேட்ச்லெஸ் பாரு, நான் வெச்ச டேங்கு. ஞாபகமிருக்குதா?

வண்டியைப் பாக்க மாட்டேங்கறாரு அம்மிணி. அந்தப் பொண்ணையே பாக்கறாரு.

படத்தை இழுக்காதீங்க, வெச்சுக்கட்டும். நெஞ்சுமேல வெச்சு அமுத்திக்கிட்டாரு, நாம இழுத்தாலும் வராது. இத்தனை வருசத்துல இந்த மனுசன் அழுது நான் பாத்ததில்ல. எங்கம்மா செத்தப்பக்கூட அழுகல.

தட்டறாருங்க. படத்தை விட்டுட்டு டம்ளரை எடுத்துட்டாரு பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. தண்ணி இல்லீங்க இது. அன்னைக்கும் இது தண்ணி இல்ல. அந்தம்மா பேரு வேணும், பேரு வேணும்னு செவுத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுட்டு இருந்தாங்க, இவரு இங்க படுத்துக்கிட்டுத் தன் பேரைத்தான் சொல்லிட்டு இருந்திருக்காரு. நான் தண்ணியை ஊத்தி ஊத்தி வாயை அடைச்சிருக்கேன்.

சரிண்ணா. கேட்டுருச்சுண்ணா. நிறுத்து. எழுதறேன்.

அந்த அலமாரியில சீட்டுக் கட்டு இருக்கும், எடுங்க அம்மிணி. பேனா எம்பட சட்டையில இருக்குது. இங்கயே, கட்டில் ஓரத்துலயே வெச்சு எழுதறேன், அவரு பாக்கட்டும். மேட்ச்லெஸ், ஜி மூணு எல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தி மூணு. டேங்கு பி.எஸ்.ஏ, எழுவத்தொண்ணு மாசியில மாட்டுனது. மாட்டுனவன் பேரையும் எழுதீர்றேன். உடையவர்.

கண்ணாடியைத் தொடைச்சுக்கறேன். சித்த இருங்க.

உடையவர், மாரப்பன். இனிஷியல் போடோணுமுங்களா? மாரப்பன்னு வெறுமனே போட்டா வேற எவனோன்னு சொல்லீருவாங்க, போட்டர்றேன். எஸ். மாரப்பன்.

கீழ கையெழுத்து எம்படது. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே இனிஷியல்தானுங்க.